பழங்கதவைப் புதுக்கல்

மனைக்கு முகம் தலைவாயில் என்பர். ஆயினும் மனையுள்ளார் நாடோறும் தொட்டுப் பழகுவன உள்ளறைக் கதவுகளே. எம்மனோர் இல்லங்களிற் கிறிஸ்து பிறந்த பெருநாள் அணுகுந்தோறும் சுவர்க்குச் சுண்ணமும் கதவுக்கு எண்ணெய் வர்ணமும் பூசுதல் வழக்கு. பல்லாண்டு இங்ஙனம் பூசப்பெற்ற கதவு பருத்து, நிலையிற் பொருந்தாது முட்டும். தச்சன் இழைத்த நுண்ணிய விளிம்புகளும் மழுங்கி மறையும். எம் இல்லத்து மூன்று கதவுகள் இந்நிலை எய்தியபோது, அவற்றைக் கழித்துவிட்டு ஒட்டுப்பலகைக் கதவுகள் வாங்குதலே நன்றென்றனர் வீட்டார். யாமோ, கழிக்குமுன் உள்ளிருப்பது யாதென அறிதல் வேண்டும் என்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவர்கள், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, படியெடுத்தோராற் புகுந்த பிழைகளைக் களைந்தே நூலின் மெய்யுருவைக் காட்டினர். பல கைகள் பூசிய கதவும் பல கைகள் எழுதிய ஏடு போல்வதே. களைவோனுக்கு வேண்டுவது வலிமையன்று, நிதானம்.

நிதானத்திற்குப் பிறிதொரு பெருங்காரணமும் உண்டு. பழைய எண்ணெய் வர்ணங்கள் பலவற்றிற் காரீயம் கலந்துள்ளது. வீட்டு வர்ணங்களில் அது பத்து லட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016-இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சினை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்ப்பின் நச்சுத்துகள் இல்லமெங்கும் படியும். சுடரால் பொசுக்கின் நச்சுப்புகை எழும். தவழ்ந்து திரிந்து கையை வாயிலிடும் குழந்தைக்கே கேடு மிகுதி. அந்நஞ்சு மூளை வளர்ச்சியைத் தாக்கும். எம் தமக்கையாரின் மகவு அப்பருவத்ததாகலின், சோதனைக் குச்சியாற் கதவுகளைத் தேய்த்துப் பார்த்தோம். குச்சியின் நுனி சிவந்தது.

அதன்பின் வீட்டினுள் ஒரு கீறலும் இட்டிலோம். கீல்களைக் கழற்றிக் கதவுகளைப் புறக்கடைக்குக் கொணர்ந்து, தரையிற் பாலித்தீன் விரித்து, அதன்மேற் கட்டைகளை இட்டுக் கிடத்தினோம். மூச்சுறையும் கையுறையும் அணிந்து, வர்ணம் நீக்கும் களிம்பினைத் தடிப்பாகப் பூசி, பூச்சுச் சுருங்கி எழுமளவும் காத்திருந்து, மரத்தின் ரேகை செல்லும் வழியே மழுங்கிய தகட்டாற் சுரண்டினோம். குடைவுகளுக்கு மூங்கிற் சிம்பு உதவிற்று. காரச்சோடா விலை குறைந்ததேனும் தேக்கினைக் கறுக்கச்செய்து பொருத்துக்களையும் தளர்த்துமாதலின் அதனை விலக்கினோம். எஞ்சிய கறையை நனைத்த தாளாலேயே தேய்த்தோம். சுரண்டிய பொடி முழுவதையும் உறையிலிட்டுக் கட்டினோம். பூசணம் பற்றிய வீட்டின் சுவரைச் சுரண்டி, அம்மண்ணை ஊர்க்குப் புறம்பே கொட்டுக என்று விதிக்கும் லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தின் பொருள் அன்று எமக்கு நன்கு விளங்கிற்று.

இரு கதவுகள் நல்ல தேக்காக வெளிப்பட்டன. அவற்றை எரிசாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, அதே சாராயத்திற் கரைத்த அவலரக்கினைப் பஞ்சுப்பொதியால் மெல்லிய பூச்சுக்களாக ஏற்றினோம். புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி தரும் அவ்வரக்கு, மரத்தின் ரேகையை மறையாது ஒளியூட்டும். ஆயின் நீரும் வெம்மையும் பட்டால் வெளுக்குமாதலின் அடுக்களைக்கு ஆகாது.

மூன்றாவது கதவோ எம்மை ஏமாற்றியது. சட்டம் தேக்கு, பலகையோ வேற்றுமரம். கறையான் அரித்த இடங்களை மக்கு இட்டு அடைத்திருந்தனர். உரிக்குந்தோறும் உள்ளே அழகே இருக்கும் என்னும் உறுதியில்லை. எனினும், பொருள் குறைந்த காலத்தே யாரோ ஒருவர் உள்ளதைக்கொண்டு கதவினைக் காத்தனர் என்பதற்கு அம்மக்கே சான்று. ஆதலின் அதனைத் தோண்டாது, காரீயமற்ற வர்ணம் பூசி, அதன் பழைய நிலையிலேயே மாட்டினோம்.

மூன்றும் இப்போது முட்டாது அடைகின்றன. எம் தமக்கையாரின் மகவு அம்மூன்றாம் கதவினைப் பற்றியே எழுந்து நிற்கப் பழகுகின்றது.