அஞ்சறைப் பெட்டி கிடார்

திருவிழாக் கூட்டத்தில் கொட்டாங்கச்சி வயலின் விற்பவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் பேப்பர் ஒட்டிய கொட்டாங்கச்சி, இரண்டு கம்பி, ஒரு வில். மொத்த மூலதனமே அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மனிதர் சினிமாப் பாட்டை அட்சரம் பிசகாமல் இழுத்துக்கொண்டே போவார். நாமும் மயங்கிப் போய், காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து ஆசையாக ஒரு இழுப்பு இழுத்தால்... 'கீய்ய்ங்!' பக்கத்து வீட்டுப் பூனை ஊரைக் காலி செய்யும்.

எட்டு வயதில் மயிலாப்பூர் அறுபத்துமூவரில் நானும் ஒன்று வாங்கினேன். அன்று ராத்திரி அப்பா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "பாட்டு வயலின்ல இல்லடா, அந்த ஆள் கையில இருக்கு. அவரையும் சேர்த்து வாங்கியிருக்கணும்." கூடவே ஒரு கணக்கு: "விலை அஞ்சு ரூபா. நீ வாசிச்சது அஞ்சு நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு ரூபா நஷ்டம்!"

அப்பா அப்படித்தான். ஒரு தனியார் கம்பெனியில் 34 வருஷம் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். ரிட்டயரான பிறகும் தினசரி வரவு-செலவு நோட்டு எழுதாமல் தூங்க மாட்டார். பால் பாக்கெட்டிலிருந்து பிச்சைக்காரருக்குப் போட்ட இரண்டு ரூபாய் வரை அதில் இருக்கும். கூட்டல் போடும்போது மட்டும் பழைய பாட்டு ஒன்றை 'ம்ம்ம்' என்று முனகுவார். சுருதி கொஞ்சமும் விலகாது.

அவருக்கு வாய்த்த பிள்ளை நான். பி.காம். முடித்து, ஆறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு நல்ல நாளில் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுத வந்துவிட்டேன்.

"ஃப்ரீலான்ஸ்னா என்னடா? ஃப்ரீயா எழுதிக் குடுக்கறதா?"

"பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கறாங்கப்பா."

ஆரம்பத்தில் இது ஜோக். போகப் போக ஜோக் இல்லாமல் போனது. 2023 ஜனவரியில் ஒரு ராத்திரி, "முப்பத்தஞ்சு வயசு ஆச்சு, இன்னும் பட்ஜெட்ல துண்டு விழுது உனக்கு" என்றார். நான் பதில் சொல்லாமல் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை காபி டம்ளர் விழுந்த சத்தத்தில்தான் எழுந்தேன். அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு தொங்கியது. ஏதோ சொல்ல வருகிறார், வார்த்தை வரவில்லை. சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடி வீட்டு சார், "இது ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு தம்பி, கிளம்புங்க!" என்று தன் காரை எடுத்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டோம். (வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல்... இந்த மூன்றில் எது திடீரென்று வந்தாலும் கஷாயம் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.)

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வலது கை விரல்கள்தான் மக்கர் செய்தன. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தது: "ஆமா."

"காபி வேணுமாங்க?" "ஆமா." "வேண்டாமா?" "ஆமா." "ஃபேனை நிறுத்தவா?" "ஆமா." நிறுத்தினால் முறைப்பார்.

வாழ்நாள் முழுக்க ஆட்சேபணை எழுதியே பழக்கப்பட்ட மனிதர். இப்போது நான் என்ன சொன்னாலும் "ஆமா" என்கிறார். ஒரு ராத்திரி மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்குக் கதவைச் சாத்தினேனே, கோவமாப்பா?" "ஆமா" என்றார். அதற்கு அர்த்தம் ஆமாவா, இல்லையா என்று தெரியாமல் விடிய விடிய முழித்துக்கொண்டிருந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அங்கிள், இதைத் தினம் நூறு தடவை அமுக்கணும்" என்றது. பந்தில் சிரித்த முகம் வேறு போட்டிருந்தது. அப்பா அதை இடது கையால் வாங்கி, குறி பார்த்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர்தான் வழி சொன்னார். நிறையப் பேருக்குப் பேச்சைக் கவனிப்பது மூளையின் இடது பக்கம். பாட்டுக்கு வலது பக்கமும் கை கொடுக்கிறதாம். அதனால் பேச்சு போன சிலருக்குப் பாட்டு மட்டும் வரும். 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூன்று பேர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். சொல்ல வேண்டியதை ராகம் போட்டு இழுக்க வேண்டும், இடது கையால் தாளம் தட்ட வேண்டும். "உங்கப்பாவுக்குப் பாட்டு பிடிக்குமா?" என்று கேட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. விரலுக்கும் வேலை, முனகலுக்கும் துணை... ஒரு கிடார்!

கடையில் விசாரித்தேன். சுமாரானதே நாலாயிரம் ரூபாய். ஃப்ரீலான்ஸர் பாஷையில் அது நாலு கட்டுரை. அதிலும் இரண்டுக்குப் பணம் வந்திருக்காது. சரி, நாமே செய்தால் என்ன?

சிரிக்காதீர்கள். ஏழைக்கேத்த எள்ளுருண்டையாக, கிடைத்த பெட்டியில் கம்பி கட்டி வாசிப்பது பெரிய பரம்பரை. அமெரிக்காவில் சுருட்டுப் பெட்டிதான் இதற்குப் பேர் போனது. அங்கே உள்நாட்டுப் போர் முகாமில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டி பிடில் வாசிப்பதை எட்வின் ஃபோர்ப்ஸ் படமாகவே வரைந்திருக்கிறார். அது 1876-ல் வெளிவந்தது. பீட்டில்ஸ் கோஷ்டியே எடுத்துப் பாடிய பாட்டுகளைத் தந்த கார்ல் பெர்கின்ஸுக்கு, சிறு வயதில் அவர் அப்பா சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் வைத்துத்தான் முதல் கிடார் செய்து கொடுத்தார். இன்னொருவர் 'குயின்' கோஷ்டியின் பிரையன் மே. 1963-ல், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, அப்பாவும் அவரும் சேர்ந்து ஒரு கிடார் செய்ய ஆரம்பித்தார்கள். பிடிக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேல் பலகை. ஸ்பிரிங் பழைய மோட்டார் பைக்கிலிருந்து. விரல் வைக்கும் இடத்துக்கு அடையாளமாக அம்மாவின் சட்டைப் பட்டன்கள். அதே கிடாரை 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று வாசித்தார் மனிதர்!

எங்கள் வீட்டில் சுருட்டுப் பிடிக்கிறவர் யாரும் இல்லை. பரணில் தேடினேன். பாட்டி காலத்து மர அஞ்சறைப் பெட்டி கிடைத்தது.

"அது எங்க மாமியார் பெட்டிடா!" என்றார் அம்மா. மாமியார் உயிரோடு இருந்தவரை இத்தனை பாசம் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

உள் தடுப்புகளைக் கழற்றினேன். மேல் பலகையில் ஓட்டை போட்டேன். ஆசாரியிடம் ஒரு தேக்கு ரீப்பர் வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தண்டியாக மாட்டினேன். வீணையின் பிரடை மாதிரி கம்பியை முறுக்கிச் சுருதி கூட்ட மூன்று சாவி, மூன்று கம்பி. குதிரைக்கு ஒரு மரையாணி. மூன்று கம்பியையும் ச-ப-ச என்று கூட்டினேன். அப்படிக் கூட்டினால் கை எங்கே பட்டாலும் அபஸ்வரம் வராது. நடுங்கும் விரலுக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. தட்டிப் பார்த்தேன். நல்ல நாதம், கூடவே பெருங்காய வாசனை.

மிச்சம் இருந்தது மெட்டு. வீணையில் மெழுகின் மேல் 24 மெட்டு வைத்திருப்பார்கள் அல்லவா, அதுதான் கிடாரில் ஃப்ரெட். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டேன். மொத்தக் கம்பி நீளம் 60 செ.மீ. சரி பாதியில், 30-ல் அழுத்தினால் மேல் 'ச'. இடையில் 12 படி. 30-ஐ 12-ஆல் வகுத்தால் 2.5. ஒரு பேப்பரில் வரிசையாக 2.5, 2.5 என்று எழுதி, அளந்து ஒட்டினேன். பி.காம்.முக்கு இதெல்லாம் ஜுஜுபி!

அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மேல் 'ச' கச்சிதமாக வந்தது. ஆனால் ஏழாவது மெட்டில் பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரதி மத்யமம் வந்து உட்கார்ந்திருந்தது! தொடக்க இருப்பு சரி, இறுதி இருப்பு சரி, நடுவில் இருக்கிற அத்தனை பதிவும் தப்பு. அப்பாவின் முகம் சுளித்தது. மறுபடி கொட்டாங்கச்சி வயலின்.

திடீரென்று இடது கையை நீட்டி என் பேப்பரைப் பிடுங்கினார். 2.5, 2.5 என்ற வரிசையைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். கம்பி வாங்கிய பாக்கெட்டை எடுத்து, அதன் மேலிருந்த கிடார் படத்தில் விரலை வைத்தார். கோடுகள் மேலே அகலமாக ஆரம்பித்து, கீழே வர வர நெருங்கிக்கொண்டே போயின.

"டி... வி..." என்றார்.

"டி.வி. போடணுமாங்க?" என்று அம்மா ஓடிப் போய்ப் போட்டார். யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கட்டிலைத் தட்டினார். தட்டித் தட்டி, தாளத்தோடு இழுத்தார்.

"டபிள்... யூ... டி... வி...! ஸ்ட்ரெய்ட் லைன்... தப்புடா... முட்டாள்!"

டபிள்யூ.டி.வி. என்றால் ரிட்டன் டவுன் வேல்யூ. தேய்மானக் கணக்கில் குறைந்து செல் மதிப்பு முறை! வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்தால் நேர்கோட்டு முறை. மீதி இருக்கும் மதிப்பில் அதே சதவீதத்தைக் கழித்தால் குறைந்து செல் மதிப்பு முறை. அதில் கழிக்கும் தொகை வர வரக் குறையும், கிடார் கோடுகள் மாதிரியே.

அம்மா டி.வி.யை நிறுத்தக்கூட மறந்து நின்றார். 52 நாளில் 'ஆமா' தவிர அவர் பேசிய முதல் பேச்சு அது. உலகத்தில் 'முட்டாள்' என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டு தவணையில் சொத்து சரி பாதியாக வேண்டுமென்றால் தேய்மானம் 5.61 சதவீதம். கிடார் செய்கிறவர்கள் மீதி நீளத்தை 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போவார்கள். அதுவும் இதே கணக்குதான். முதல் மெட்டுக்கு 3.37 செ.மீ., அடுத்தது 3.18, அதற்கடுத்தது 3.00... பன்னிரண்டாவது டாண் என்று 30-ல்! திருப்பிப் பார்த்தால் இது கூட்டுவட்டி. 5.946 சதவீதத்தில் போட்ட பணம் 12 வருஷத்தில் இரட்டிப்பாகும். அப்படித்தான் சுருதியும் 12 படியில் இரட்டிப்பாகிறது.

ஏன் சதவீதம்? நம் காதும் ஆபீஸ் உத்தியோகஸ்தர் மாதிரிதான். பத்தாயிரம் சம்பளக்காரருக்கு ஆயிரம் ரூபாய் இன்க்ரிமென்ட் என்றால் கொண்டாட்டம். லட்ச ரூபாய்க்காரருக்கு அது கண்ணிலேயே படாது. காதும் எத்தனை கூடியது என்று பார்ப்பதில்லை, எத்தனை பங்கு கூடியது என்றுதான் பார்க்கிறது.

ஸ்போக்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டினேன். பக்கத்தில் அப்பா ஸ்கேலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தணிக்கை செய்தார். ஏழாவது மெட்டில் பஞ்சமம் வந்து நின்றதும் "ம்ம்ம்" என்று முனகினார். பழைய முனகல்!

அதற்குப் பிறகு ரப்பர் பந்து தேவைப்படவில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. நான் இடது பக்கம் மெட்டைப் பிடிக்க, அவர் வலது கையால் மீட்டுவார். முதலில் உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு கட்டைவிரல், ஏப்ரலில் ஆள்காட்டி விரல். "கா...பி வேண்...டாம்" என்பதே ஒரு ராகமாக வரும். அம்மாவும் "சரிங்...க" என்று அதே ராகத்தில் எசப்பாட்டு.

ஆகஸ்டில் டாக்டர் சிரித்தார். "தனியா நடக்கலாம், எழுதலாம். பேச்சு கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்." அன்றைக்கே அம்மா தன் வேண்டுதலை வெளியிட்டார். பிள்ளையாருக்கு 108 சிதறு தேங்காய்!

ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம், மாடி வீட்டு சார், பிசியோதெரபிஸ்ட் பெண் எல்லோரும் கோயிலில் கூடினோம். ஆளுக்கு நாலு தேங்காய் உடைத்ததும் தோள்பட்டை கழன்றது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கை பார்த்தார்.

"நூத்தி எட்டு... முப்பது ரூபா... மூவாயிரத்து... இருநூத்தி நாப்பது" என்றார் நிறுத்தி நிறுத்தி. "ஒரு தேங்காய்க்கு... ஒத்துக்க மாட்டாரா... பிள்ளையார்?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆட்சேபணை எழுத ஆரம்பிச்சுட்டார்ல, இனிமே பயமில்லை!"

நூற்றெட்டில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார் அப்பா. கொட்டாங்கச்சி உடையாமல் சீராக இரண்டாக அறுக்க வேண்டுமாம். அக்கா பெண்ணுக்கு வயலின் செய்யப் போகிறாராம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் வடை, பாயசத்தோடு கச்சேரி. அப்பா மீட்ட, நான் மெட்டைப் பிடிக்க, அக்கா பெண் டப்பாவில் தாளம் போட, ஒரு பாட்டு முழுசாக முடிந்தது. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினார். பல்லவிக்குத் திரும்பும்போது சரியாக வந்து சேர்ந்துகொண்டார். என் காதருகே குனிந்து, "இதை... எழுது... பத்திரிகைக்கு. ஆனா... ஃப்ரீயா... குடுக்காதே" என்றார். ஆசிரியர் கவனிக்கவும்.

ராத்திரி அவர் நோட்டைப் பார்த்தேன். ஜனவரியோடு நின்றிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். நடுங்கும் எழுத்து, ஆனால் வலது கை எழுத்து. "தேங்காய் 108, ரூ. 3,240." அதற்குக் கீழே சொத்துக் கணக்கில்: "கிடார் 1, ரூ. 890."

"தேய்மானம் போடலையேப்பா?" என்றேன், வேண்டுமென்றே.

அப்பா கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்போக்ஸ் கம்பிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"அதான்... மேலேயே போட்டிருக்கே... பன்னிரண்டு வருஷத்துக்கு!"