நீரில் இறங்கிய நாள்

ஊர்ப் பொதுக்கிணறு எங்கள் சேரிக்குப் பொதுவாக இருந்ததில்லை. சிறுவயதில் அதில் குதித்த மாமாவை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் நீச்சல் பழகவில்லை.

தங்கைதான் பழகினாள், சென்னையில் வேலைக்குப் போனபிறகு, 26 வயதில். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு அவள் பெயர் கொடுத்ததும் வீடே சேர்ந்துகொண்டோம். கட்டணத்துக்கு அம்மா சீட்டு எடுத்தார். அண்ணன் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சரிசெய்தார். விடியற்காலை ஓட்டப் பயிற்சியில் அப்பா மொபெட்டில் பின்னாலேயே போனார். தனியாக ஓடும் பெண்ணைத் தெரு சும்மா விடாது.

முதலில் மிராமர் கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல். பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். அவள் கடலிலிருந்து எழுந்து வரும்வரை அம்மா உட்காரவே இல்லை. 8 மணி 11 நிமிடத்தில் முடித்தாள். நாங்கள் அழுதோம்.

1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் நீரை அள்ளிக் குடித்தார். நீர் மீதான உரிமை குடிப்பதோடு முடிவதில்லை, நீந்துவதும் உரிமைதான். தோழர்களே, மாலை நேர வகுப்பில் பாடத்தோடு நீச்சலையும் சேருங்கள். எங்கள் வீட்டில் அடுத்து அண்ணன் மகள் இறங்குகிறாள்.