மழைக்காலத்து வாசிப்பு

அக்டோபர் 20, 2024, ஞாயிறு

போன வார மழையோடு உப்பளத்தில் வேலை முடிந்துவிட்டது. அம்பாரங்களுக்குக் கீற்று போர்த்தி, தார்ப்பாய் இழுத்துக் கட்டியாயிற்று. இனித் தை பிறந்து பாத்தி மிதிக்கிற வரை கணக்குப்பிள்ளைக்குப் பாதி வேலைதான். மரக்காணத்தில் பலர் இந்த மாதங்களைக் கடனில் ஓட்டுவார்கள். நானும்தான், கூடவே புத்தகமும் ஓடும்.

‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ மறுபடியும் கையில். சுந்தர ராமசாமி எழுதி 1981-இல் வந்தது. ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் இறந்துபோகிறான். அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. ஆனால் அவனுக்கு நண்பர்கள், எதிரிகள், நாட்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாம் உண்டு. இந்த நாவலில் வாக்கியம் கஷ்டமில்லை, கத்தி மாதிரி இருக்கிறது. கஷ்டம் வேறு: பாதி பேர் நமக்குத் தெரியாத ஒரு சண்டையில், நடுவில் போய் உட்கார்ந்த நிலை. யார் யாரை எதற்குக் குத்துகிறார்கள்? ஒரு குத்து மட்டும் எனக்கு உடனே பட்டது. கல்கியின் சிவகாமி சபதத்தை முடித்துவிட்டாளா என்று ஜே.ஜே. தமிழ் எழுத்தாளனிடம் கேட்கிற இடம். அந்தச் சிவகாமிக்காகப் பதின்மூன்று வயதில் ராத்தூக்கம் கெட்டவன் நான். சிரிப்பும் வந்தது, சுரீரென்றும் இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஐயா கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். பையில் என்ன புத்தகம் என்று எட்டிப் பார்த்தவர், “ஏம்பா, அளத்துல இருக்கிற ஆளு நீ. ‘கரிப்பு மணிகள்’ படிக்காம இதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவுற?” என்றார்.

படித்திருக்கிறேன். ராஜம் கிருஷ்ணன் 1979-இல் எழுதியது. தூத்துக்குடி அளங்களின் கதை. படகரைப் பற்றி எழுத நீலகிரி, மீனவரைப் பற்றி எழுதக் கடற்கரை என்று, நேரில் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதியவர் அவர். அந்த உழைப்புக்குக் கும்பிடு போடுகிறேன். பொன்னாச்சி படுகிற பாடு பொய்யில்லை.

ஆனால் அதைப் படிக்கும்போது நான் வாசகனாக இருப்பதில்லை, கணக்குப்பிள்ளையாகிவிடுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் நம்மூர்ப் பாத்தியோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே போகிறேன். தண்ணீரின் உப்படர்த்தி 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு உட்காரும், 30-ஐத் தாண்ட விட்டால் கசப்பு ஏறும், அதற்குள் வடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் பாத்தியைப் பார்த்தால் கண் கூசி நீர் வடியும். வாரிப் போட்ட பெண்களின் குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினாலும் எரிச்சல் அடங்காது. இதையெல்லாம் எனக்கு நாவல் வந்து சொல்ல வேண்டியதில்லை. மயிலாப்பூர்க்காரருக்கு அது புது உலகம். என் புது உலகம் வேறெங்கோ இருக்கிறது.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவரிடம் போய், நீங்கள் கம்ப்யூட்டர் நாவல்தான் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. உப்பளத்துக்காரனுக்கு மட்டும் உப்புதான் இலக்கியம். ஐயாவிடம் இதைச் சொல்லவில்லை. நல்ல மனுஷர், டீ வாங்கிக்கொடுத்தார்.

நவம்பர் 8, வெள்ளி

நகுலனின் ‘நினைவுப்பாதை’. நவீனன் யார், நகுலன் யார், சுசீலா என்று ஒருத்தி உண்டா இல்லையா? பாதியில் மூடினேன். பெரிய எழுத்தாகவே இருக்கட்டும், எனக்கு ருசிக்கவில்லை. பாகற்காய் உடம்புக்கு நல்லது என்பதற்காகத் தினம் தின்ன முடியுமா?

நவம்பர் 17, ஞாயிறு

மௌனியின் ‘அழியாச்சுடர்’. ஐயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, புரியவில்லை என்றேன். “மௌனியைப் புரிஞ்சிக்கக் கூடாதுப்பா, உணரணும்” என்றார். இந்தப் பதில் எனக்குப் பிடிப்பதே இல்லை.

நம்மூரைத்தான் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்பார்கள். பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர், அடுத்த ஊர் ஆள். அந்தப் பாட்டில் உப்பு விற்கும் உமணர் வண்டியோடு வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சிலுக்குள் முத்தைப் போட்டு உமணப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும். எனக்கு உயிரான இடம். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் பாடிய அந்த 269 அடியைப் படிக்க நச்சினார்க்கினியர் உரை வேண்டும், 1889-இல் உ.வே.சா. போட்ட பதிப்பு வேண்டும். உரை இல்லாமல் படிக்க முடியாதது நம் குறை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நம் தாத்தா காலத்து மௌனிக்கு உரை கேட்டால் மட்டும் மானக்கேடா?

“சரி, நீயே எழுதேன் உரையை” என்றார் ஐயா. கிண்டல்தான். ராத்திரி பென்சிலோடு உட்கார்ந்தேன். மௌனியின் வாக்கியத்தில் வினைமுற்று தள்ளிக்கொண்டே போகும். வந்து சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோகும். ஒவ்வொரு எழுவாயின் கீழும் கோடு போட்டேன். யார் பேசுகிறார், எப்போது நடந்ததை எப்போது சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்தேன். அப்படிப் போனபோது கதை வெகு சாதாரணம்: ஜன்னல் வழியே மொட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன், கோயிலில் கண்ட ஒரு பெண்ணைப் பற்றி நண்பனிடம் சொல்கிறான். அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்ததும் தூணில் செதுக்கிய யாளி பின்னங்காலில் எழுகிறது. கதை இவ்வளவுதான் என்று பிடிபட்ட பிறகுதான் அந்த யாளி என்னைப் பயமுறுத்தியது. புரியாதபோது அது வெறும் கல்.

இன்னொன்று. மௌனி கணிதம் படித்து, சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்தியவர். எழுதியது 24 கதைகள்தான். அவற்றில் எனக்கு ஆலைச் சத்தம் கேட்கவே இல்லை. புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார்; ஆலைக்காரர் ஏன் நெல்லைப் பற்றி எழுதவில்லை என்று கேட்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மயிலத்தில் 51 செ.மீ. மழையாம். அளம் எது, கழுவேலி ஏரி எது என்று தெரியாதபடி ஒரே தண்ணீர். தார்ப்பாய் பிய்ந்த அம்பாரங்கள் கரைந்து இடுப்பளவுக்கு வந்துவிட்டன. இன்னும் கரண்ட் இல்லை. செல்போனை மளிகைக்கடை ஜெனரேட்டரில் போட்டு எடுத்தேன்.

போட்டதும் சென்னையிலிருந்து ஒரு நண்பர். நிறைய இலக்கியம் படிப்பவர், எனக்கு நகுலனைச் சொன்னவரும் அவர்தான். நலம் விசாரித்து முடித்ததும், “இதை நீங்க நாவலா எழுதணும் சார். உப்பளம், புயல், தொழிலாளி... உங்களை விட்டா யாரு?” என்றார்.

“நான் எழுதினா அதுல புயல் வராது சார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மொட்டை மரம்தான் நிக்கும்” என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். கிடைத்த அனுபவத்தை வீணாக்குகிறேன் என்றார். தபால் ஓடத் தொடங்கியதும் ‘நினைவுப்பாதை’யை அவருக்கே அனுப்பிவிடப் போகிறேன், ஓரத்தில் உரை எழுதித் திருப்பி அனுப்பும்படி ஒரு கடிதமும் வைத்து.