அந்த ஒரு 'எஸ்'

ராத்தாவுக்கு வங்கிப் போட்டிப் பரீட்சை நெருங்குகிறது. வயதெல்லையின்படி இதுவே கடைசித் தடவை. எனக்கு உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது. அதன் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பதால் வகுப்பில் பலர் அதைத் தொடுவதேயில்லை. நான் தொடுவது ராத்தாவால்தான். இஷா தொழுது, மகனைத் தூங்கவைத்துவிட்டு அவர் வந்ததும் இருவரும் வசனம் திருத்தப் பழகுகிறோம்.

எங்கள் பயிற்சிப் புத்தகம் விடையைத் தரும், காரணத்தைத் தராது. காரணம் தேடினால் தமிழ்தான் கைகொடுக்கிறது. ஒரு விடயத்தைப் 'பற்றி'க் கலந்துரையாடுகிறோம் அல்லவா? அந்தப் 'பற்றி'தான் ஆங்கிலத்துக்கும் கூடவே போய் 'டிஸ்கஸ் எபவுட்' ஆகிவிடுகிறது. அங்கே 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும். 'இரண்டு வருடமாக' என்றால் 'ஃபோர்', '2023 இலிருந்து' என்றால் 'சின்ஸ்'. தமிழே பிரித்து வைத்திருக்கிறது! இதைக் கண்டுகொண்ட பிறகு ராத்தா அந்தக் கேள்விகளில் தடுமாறுவதில்லை.

'ஷீ கோஸ்' என்பதன் கடைசி 'எஸ்'தான் இன்னும் நழுவுகிறது. போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றிப் பேசும் நமக்கு ஓர் 'எஸ்' பாரமா என்று கேட்டேன்.

"எல்லா இடத்திலும் மாறினால் ஞாபகம் இருக்கும். ஒரே இடத்தில் மட்டும் மாறினால்?" என்றார் ராத்தா.

சரியான கேள்விதான். இப்போது எழுவாயின் கீழ் பென்சிலால் கோடிட்டு, வினையைத் திரும்பப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போகிறார். நேற்று 25 வசனங்களில் 20 செய்தார். 17 சரி. அதற்குள் மகன் விழித்துவிட்டான். மீதி ஐந்தும் இன்றிரவு.