அந்தத் திரைச்சீலைத் துண்டு

போன செமஸ்டர்ல கரண்ட் போன ஒரு ராத்திரி, ஹாஸ்டல் மாடியில ரூம்மேட்ஸுக்கு ஒரு கதை சொன்னேன். முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்து. கிரேட் ஷெஃபோர்ட்னு ஒரு கிராமம், அங்கே மதர் பார்ன்ஸ்னு ஒரு மருத்துவச்சி. நடுராத்திரி ரெண்டு பேர் வந்து கண்ணைக் கட்டி, குதிரையில கூட்டிட்டுப் போறாங்க. ஒரு பெரிய வீடு. பிரசவம் நல்லபடியா முடியுது. ஆனா, பிறந்த குழந்தையை அந்த வீட்டு ஆள் நெருப்புல போட வைக்கிறான்.

அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? எவ்வளவு நேரம் வந்தோம், இந்த வேகத்துல எத்தனை மைல் இருக்கும்னு கணக்குப் போட்டுச்சு. அறை 12 அடி உயரம், அப்போ பெரிய மனுஷன் வீடுதான். படியை எண்ணுச்சு. கட்டில் திரைச்சீலையில ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கிச்சு. மாட்டினவர் லிட்டில்கோட் மாளிகையின் வில்லியம் டாரல். நீதிபதி பாப்ஹாமுக்கு மாளிகையையே லஞ்சமா கொடுத்துத் தப்பிச்சார்.

வேகம், நேரம், தூரம்! இன்ஜினியரிங் பசங்களுக்கு இது போதாதா? செம கைதட்டல்.

அப்புறம்தான் சரிபார்த்தேன். மைல் கணக்கும் 12 அடியும் 17-ம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி எழுதியது. திரைச்சீலை அதுக்கும் பிறகு சேர்ந்தது. வால்டர் ஸ்காட் 1813-ல் அதைப் பிரபலமாக்கினார். டாரல் இறந்தது 1589. பாப்ஹாம் தலைமை நீதிபதி ஆனது 1592. (மாளிகை மட்டும் நிஜமாவே அவருக்குத்தான் போச்சு. கை ஃபாக்ஸ் வழக்கை விசாரித்தவரும் இவரேதான்.)

அந்தம்மா சாகும் தறுவாயில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம் இருக்கு. அதில் கண்கட்டு இல்லை. திரைச்சீலை இல்லை. டாரல் பெயரும் இல்லை, லிட்டில்கோட்டும் இல்லை. கறுப்பு வெல்வெட் அங்கி போட்ட ஒரு ஆள், எரியும் நெருப்பு, அவ்வளவுதான். 'குழந்தையை எனக்குக் கொடுத்துடுங்க, நான் வளர்த்துக்கிறேன்'னு அந்தம்மா மண்டி போட்டுக் கெஞ்சியிருக்கு. நான் சொன்ன கதையில அது வரவே இல்லை.

லேப்ல கிராஃப் நேர்க்கோடா வரணும்னு ரீடிங்கை நாமளே 'குக்' பண்ணுவோம் இல்லையா, அதே வேலையைத்தான் மூணு நூற்றாண்டா எல்லாரும் பண்ணியிருக்காங்க. கடைசியா நானும்.

பசங்களைக் கூப்பிட்டு மாத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல.

"டேய், அப்போ அந்தத் திரைச்சீலைத் துண்டு?"

"இல்லடா."