மலை குறைத்த எடை

டைபாய்டில் கிடந்து எழுந்தவன் நான். வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். எடை குறைந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னது, என்னைவிட என் அக்காவின் மனத்தில்தான் ஆழமாகப் பதிந்துவிட்டது.

போடிநாயக்கனூரில் பலகாரம் முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் ஏறி நின்றேன். 58 கிலோ. பிறகு பஸ்ஸில் 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டைத் தாண்டி, அத்தான் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே வீட்டுக் கூடத்தில் இருந்த எடைப்பொறியில் ஏறினால், ஐம்பத்தைந்தரை!

"காலையில் பார்த்ததற்கு இரண்டரைக் கிலோவா?" அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

அத்தான் சிரித்தார். "மலைமேல் பூமியின் இழுப்புக் குறைவு, மாப்பிள்ளை. இங்கே எல்லாரும் லேசுதான்."

சொன்னது பொய்யில்லை, கணக்குத்தான் பொய். போடியிலிருந்து மேட்டுக்கு உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கூடுகிறது. பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு விலகியதற்காக என் எடையில் இருபது கிராம் போல் குறைய வேண்டும். ஆனால் காலடியில் இருக்கும் மலையும் சும்மா இருப்பதில்லை. அதுவும் தன் பங்குக்கு இழுத்துக் கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. காற்று வேறு இருக்கிறது. தண்ணீர் கட்டையைத் தாங்குவது போலக் காற்றும் நம்மைச் சிறிது தாங்குகிறது. மேலே காற்று லேசு, தாங்கலும் குறைவு. அதனால் ஏழெட்டுக் கிராம் கூடும். வரவு செலவு பார்த்தால், மலை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைகூட இல்லை. (ஏலக்காய் வியாபாரிக்கு அந்தக் கவலையும் வேண்டாம். பழைய இரட்டைத் தட்டுத் தராசில் எடைக்கல்லும் சேர்ந்தல்லவா இளைக்கிறது?)

அப்படியானால் இரண்டரைக் கிலோ எங்கே போயிற்று? எனக்கும் பயம் தட்டியது. மறுபடி ஏறினேன். மறுபடியும் ஐம்பத்தைந்தரை.

"சுவரிலிருந்து கையை எடுடா, தம்பி" என்றாள் அக்கா.

அப்போதுதான் கவனித்தேன், இடது கை சுவரை ஊன்றியிருந்தது. எடைப்பொறிக்கு உடம்பைத் தெரியாது. தன்மேல் விழும் அழுத்தம் ஒன்றுதான் தெரியும். நான் சுவரிடம் கொடுத்த பங்கு அதன் கணக்கில் ஏறவில்லை. கையை எடுத்தேன். முள் நகர்ந்து ஐம்பத்தேழரையில் நின்றது. பாக்கி அரைக் கிலோ? அது பதினோராவது வளைவில் பஸ் ஜன்னல் வழியாகப் போனது. அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், நானும் சொல்லவில்லை. இரண்டு பொறிகளும் ஒத்துப்போகும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

"சுவரை எதற்குப் பிடித்தாய்?" என்றாள்.

"கால் நடுங்கிற்று."

அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் நான் எடை பார்த்தபோது, என்னைத் தொடாமல், இரண்டு கைகளையும் நீட்டியபடி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.