அந்த ஒத்தை வரியை வெளியே வைங்க பாஸ்!

ஃப்ரெண்ட்ஸ், 'உங்க ஊரு எந்த மாவட்டம்?'னு கேட்டா நீங்க டக்குனு சொல்லிடுவீங்க. ஆலங்குளத்துக்காரங்களுக்கு அது கொஞ்சம் பெரிய கதை! 2019 நவம்பர் 22-ம் தேதிதான் தென்காசி தனி மாவட்டமா உதயமாச்சு. அதுவரைக்கும் திருநெல்வேலி மாவட்டமா இருந்த நாங்க, அன்னைக்கு தென்காசிப் பக்கம் வந்துட்டோம். வீடு அதே வீடு, தெரு அதே தெரு, பின்கோடு 627851-கூட மாறலை. மாறினது ஒரே ஒரு வார்த்தை!

இதை ஒரு புரோகிராமர் கண்ணால பாருங்க. யாரோ ஒருத்தர் தன் புரோகிராமுக்குள்ள நாப்பது இடத்துல 'திருநெல்வேலி'ன்னு அடிச்சு வெச்சிருந்தா, நாப்பதையும் தேடி மாத்தணும். ஒண்ணு விட்டுப்போனாலும் வம்பு. அதையே தனி ஃபைல்ல 'மாவட்டம் = திருநெல்வேலி'ன்னு ஒரே வரியா வெச்சிருந்தா... ஒரு நிமிஷ வேலை! இடதுபக்கம் பேரு, வலதுபக்கம் மதிப்பு. இதுதான் கான்ஃபிக் ஃபைல். பழைய விண்டோஸோட ஐ.என்.ஐ. ஃபைல் எல்லாம் இந்த ரகம்தான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஆபீஸ் வெச்சிருக்குற ஜோஹோவோட 'டெலூஜ்' ஸ்கிரிப்டிங் மொழியிலயும், 'மேப்'னு இதே பேரு-மதிப்பு ஜோடி உண்டு.

எனக்கு இது வெறும் லேப் பாடம் இல்லை. எங்க பக்கம் பல வீடுகள் மாதிரி, எங்க வீட்டுலயும் அம்மாவும் அக்காவும் பீடி சுத்துறாங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. கடையில கழிவுன்னு சிலதை ஒதுக்கிட்டு மீதிக்குத்தான் கணக்கு. வாரக் கடைசியில பாஸ்புக்ல எழுதின தொகை சரியான்னு பார்க்க, பைத்தான்ல ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். கூலி, கழிவு ரெண்டும் தனி ஃபைல்ல, தமிழ்லயே!

[பீடி]
கூலி = 250
கழிவு = 20

(எண்கள் சும்மா உதாரணத்துக்கு!)

பைத்தானோடவே வர்ற 'கான்ஃபிக்பார்சர்' இதைப் படிச்சுடும். ஆனா, நாலு விஷயத்துல உஷாரா இருங்க.

ஒண்ணு: அது எதைப் படிச்சாலும் எழுத்தாத்தான் தரும். 250-ங்கிறது எண் இல்லை, மூணு எழுத்து! 'கெட்ஃப்ளோட்'னு கேட்டு வாங்கினாத்தான் பெருக்க முடியும்.

ரெண்டு: இங்கிலீஷ்ல பேரு வெச்சா, எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்திடும். தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறே கிடையாது. நமக்கு ஜாலி! ஆனா, ஃபைலைத் திறக்கும்போது 'யூ.டி.எஃப்-8'னு சொல்லிடுங்க. இல்லேன்னா விண்டோஸ்ல தமிழ் கொத்துபரோட்டா ஆயிடலாம்.

மூணு: 'எஸ்', 'நோ' அதுக்குப் புரியும். 'ஆமாம்', 'இல்லை' புரியாது. ஆனா, 'பூலியன் ஸ்டேட்ஸ்'ங்கிற பட்டியல்ல சேர்த்துவிட்டா, சமத்தா கத்துக்கும்!

நாலு, இதுதான் முக்கியம்: திரும்ப எழுதும்போது, நீங்க போட்ட குறிப்பு வரிகளைத் தூக்கி எறிஞ்சிடும். எழுதறதுக்காக ஃபைலைத் திறந்த நொடியிலயே பழசு காலி. நடுவுல கரன்ட் போனா கணக்கும் போச்சு. அதனால வேற பேர்ல எழுதி முடிச்சுட்டு, அப்புறமா பழைய ஃபைலோட இடத்துல மாத்தி வைங்க.

'இவ்வளவு மெனக்கெடணுமா?'ன்னு கேப்பீங்க. கூலி மாறுற அன்னைக்கு நான் ஹாஸ்டல்ல இருப்பேன். ரேட்டு என் புரோகிராமுக்குள்ள ஒளிஞ்சிருந்தா, நான் பொங்கலுக்கு ஊருக்கு வர்ற வரைக்கும் அக்கா, கடைக்காரர் சொல்ற கணக்கைத்தான் நம்பணும். இப்ப அக்காவே நோட்பேடைத் திறந்து, ஒரு எண்ணை மாத்திட்டு, தைரியமா 'இது சரியில்லையே அண்ணாச்சி'ன்னு கேக்குறா. அவளுக்கு பைத்தான்ல ஒரு வரிகூடத் தெரியாது. தெரியவும் வேண்டாம்!

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டை இன்னைக்கு ஒரு தடவை திறங்க பாஸ். ஊரு, தேதி, ரேட்டுன்னு நாளைக்கு மாறக்கூடியது எதெல்லாம் உள்ளே மாட்டியிருக்குன்னு பாருங்க. அதை மாத்தவேண்டிய ஆள் நீங்கதானா, வேற யாராவதான்னு யோசிங்க. வேற ஆளுன்னா, சாவியை அவங்க கையில குடுத்துடுங்க!